சிறையிலிருந்து வெளியே வந்த பின் மருத்துவமும் மனநல உதவியும்: தமிழ்நாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுச் சிறைகளிலிருந்து வெளியே வருபவர்களுக்காகவும், அவர்களை அழைத்துச் செல்லச் சிறை வாசலில் காத்திருக்கும் குடும்பத்தாருக்காகவும் இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. தண்டனை முடிந்தவர், ஜாமீன் கிடைத்தவர், வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டவர், விடுப்பில் சில நாட்களுக்கு வீடு வருபவர் என யாராக இருந்தாலும் மருத்துவத்தைப் பொறுத்தவரை முதல் சிக்கல் ஒன்றே: உள்ளே கிடைத்துக்கொண்டிருந்த மருந்து வாசலைத் தாண்டியதும் நின்றுவிடுகிறது. ஆகவே கீழே உள்ள விடைகளில் பெரும்பகுதி அந்த இடைவெளியைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

கேள்வி: விடுதலை நாள் தெரிந்துவிட்டது. உள்ளே இருக்கும்போதே என்ன செய்து வைக்கலாம்?

சிறை மருத்துவ அலுவலரிடம், நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு, கடைசியாக எடுத்த பரிசோதனைகளின் முடிவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, கையொப்பமும் தேதியும் இட்டுத் தருமாறு கேளுங்கள். இது சிறிய கோரிக்கையாகத் தோன்றலாம். ஆனால் வெளியே வந்த பின் பெரும்பாலானோர் தடுமாறும் இடம் இதுதான். சிறையில் பல நேரங்களில் மாத்திரை அட்டையாக அல்லாமல், வேளைக்கு வேளை கையில் உதிரியாகவே தரப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் ஒரே மருந்தை விழுங்கியவரிடம் அதன் பெயரைக் கேட்டால், “ராத்திரிக்கு வெள்ளை ஒண்ணு, மஞ்சள் பாதி” என்றுதான் சொல்வார். அதை வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் மருந்தைத் தொடர முடியாது. முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அந்தத் தாளோடு, அடுத்த மருத்துவரைப் பார்க்கும் வரை தேவைப்படும் மாத்திரைகளையும் கேட்கலாம். மாதம் ஒருமுறை மனநோய்க்கான ஊசி போட்டுக்கொள்பவர் கடைசி ஊசி எந்தத் தேதியில் போடப்பட்டது என்பதைக் கட்டாயம் எழுதி வாங்க வேண்டும். நேரில் கேட்கத் தயக்கமிருந்தால் சிறை நல அலுவலர் வழியாகவோ சிறை உளவியலாளர் வழியாகவோ கேட்கலாம். மனு பார்க்க (சிறைவாசியை நேரில் சந்திக்க) வரும் குடும்பத்தாரும் சிறைக் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கலாம். இது சலுகை கேட்பது ஆகாது. ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்றுக்கொண்ட, சிறைவாசிகளை நடத்தும் முறைக்கான நெல்சன் மண்டேலா விதிகளில் 24ஆம் விதி, காசநோய், எச்.ஐ.வி., போதைச் சார்பு போன்றவற்றுக்கான சிகிச்சை சிறைக்கு உள்ளும் வெளியும் அறுபடாமல் தொடர வேண்டும் என்கிறது. 110ஆம் விதி, விடுதலைக்குப் பின்னும் மனநல சிகிச்சை தொடர ஏற்பாடு செய்வது விரும்பத்தக்கது என்கிறது.

கேள்வி: ஜாமீன் உத்தரவு மாலையில் வந்தது, இரவே வெளியே அனுப்பிவிட்டார்கள். கையில் மாத்திரையும் இல்லை, சீட்டும் இல்லை. இப்போது என்ன செய்வது?

இதுவே மிகுதியாக நடப்பது. 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைச் சிறைவாசிகள்; நாலில் மூன்று பங்குக்கும் சற்று மேல். தண்டனை பெற்றவருக்கு விடுதலை நாள் முன்பே தெரியும். விசாரணைச் சிறைவாசிக்கு உத்தரவு வந்து சேரும் நேரம்தான் விடுதலை நேரம். அந்த நேரத்தில் சிறை மருத்துவமனையில் சீட்டு எழுத ஆள் இருப்பார் என்று எதிர்பார்க்க இயலாது. எனவே விசாரணைச் சிறைவாசிகள் தங்கள் மருந்து விவரத்தை முன்கூட்டியே குடும்பத்தாரிடமோ வழக்கறிஞரிடமோ சொல்லி வைத்திருப்பது நல்லது.

ஏற்கெனவே வந்துவிட்டீர்கள் என்றால், மறுநாள் காலையே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சில மருந்துகளை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. வலிப்பு மாத்திரை, நீண்ட நாள் எடுத்துவந்த தூக்க மாத்திரை அல்லது பதற்றத்துக்கான மாத்திரை ஆகியவற்றைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். இன்சுலின் நின்றால் சர்க்கரை ஏறி மயக்கம் வரை போகலாம். இவற்றில் ஏதேனும் ஒன்று உங்களுக்கு உண்டென்றால் காலை வரை காத்திருக்காமல் இரவிலேயே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போவதே சரி. 108 ஆம்புலன்ஸை அழைக்கத் தயங்க வேண்டாம். மனநோய்க்கான மாத்திரைகள் நின்றால் அதன் விளைவு முதல் நாளே தெரியாது. ஒரு வாரம் நன்றாக இருப்பது போலவே இருக்கும்; அதன் பிறகே தூக்கம் குறையும், சந்தேகம் கூடும், பேச்சு மாறும். “மாத்திரை இல்லாமலே நல்லாத்தானே இருக்கான்” என்று வீட்டார் நிம்மதி அடைவது பெரும்பாலும் இந்த ஒரு வாரத்தில்தான்.

இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். சிறையில் உணவின் நேரமும் அளவும் மாறாதவை. அந்த உணவுக்கு ஏற்ப நிர்ணயிக்கப்பட்ட இன்சுலின் அளவை, வெளியே வந்து விருந்தும் பட்டினியுமாக இருக்கும் நாட்களில் அப்படியே போட்டுக்கொள்வது ஆபத்து. அளவை மருத்துவரிடம் மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும்? ஆதார் அட்டை இல்லாவிட்டால் பார்ப்பார்களா?

காய்ச்சல், தோல் நோய், இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கு ஆரம்ப சுகாதார நிலையமே போதும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஒருமுறை பதிவாகிவிட்டால், 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ் மாத்திரைகள் வீட்டுக்கே வந்து சேரும். மனநலத்துக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உள்ள மனநலப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் வட்டார மருத்துவமனைகள் சிலவற்றுக்குக் குறிப்பிட்ட கிழமைகளில் வருவார்கள். எந்தக் கிழமை என்பதை அந்த மருத்துவமனையில் முன்னதாகக் கேட்டுக்கொண்டால் ஒரு நாள் கூலி மிச்சமாகும்.

சென்னையில் அயனாவரம் பக்கம் உள்ள அரசு மனநலக் காப்பகத்தை எல்லோரும் ‘கீழ்ப்பாக்கம்’ என்றுதான் சொல்கிறோம். 1794இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் பெயரைக் கேலிச்சொல்லாகப் பயன்படுத்தியே பழகிவிட்டதால், அங்கே ஒரு புறநோயாளிப் பிரிவு இருக்கிறது, காலையில் போய்ச் சீட்டு வாங்கி, மருத்துவரைப் பார்த்து, மாத்திரையோடு மதியத்துக்குள் வீடு திரும்பிவிடலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டுக்குப் பெயர், வயது, ஊர் சொன்னால் போதும். அடையாள அட்டை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். இல்லை என்பதற்காகச் செல்லாமல் இருந்துவிடாதீர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 18ஆம் பிரிவின்படி, வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர் அதற்கான அட்டை வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆதரவற்றவரும் வீடற்றவரும்கூட, அரசு மனநல நிலையங்களில் கட்டணமின்றி சிகிச்சை பெறும் உரிமை உடையவர்கள்.

கேள்வி: சிறையிலிருந்து வந்திருக்கிறேன் என்று மருத்துவரிடம் சொல்லியாக வேண்டுமா? சொன்னால் போலீசுக்குப் போய்விடுமா?

சொல்லியாக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சீட்டு எழுதும் சன்னலில் நிச்சயமாகச் சொல்ல வேண்டாம். பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது அங்கே பேசப்படும் எதுவும் ரகசியம் அன்று. மருத்துவரிடம் தனியாகச் சொல்வதால் நன்மை உண்டு என்பது எங்கள் கருத்து. நெருக்கடியான இடத்தில் பல மாதங்கள் இருந்தவர் என்று தெரிந்தால் அவர் காசநோய்க்கான சளிப் பரிசோதனையைத் தாமாகவே எழுதுவார். தூக்கமின்மையின் காரணத்தையும் வேறு விதமாகப் பார்ப்பார். வழக்கு என்ன, பிரிவு என்ன என்பதை அவர் கேட்கத் தேவையில்லை. நீங்களும் சொல்லத் தேவையில்லை.

மனநோய்க்காகச் சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாகக் காக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. வழக்கமான ஓ.பி. சிகிச்சை பற்றிக் காவல் நிலையத்துக்குத் தகவல் போகாது. அடிதடிக் காயம், விஷம் அருந்தியது போன்றவற்றில் மட்டும் மருத்துவமனை பதிவேட்டில் எழுதிக் காவல்துறைக்குத் தெரிவிக்கும். இது எல்லோருக்கும் பொதுவான நடைமுறை, சிறை சென்றவருக்கென்று தனியாக இல்லை.

கேள்வி: நிபந்தனை ஜாமீனில் இருக்கிறேன். தினமும் காலை 10 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஓ.பி.யும் காலையில்தான். எப்படிச் சமாளிப்பது?

வெளியில் உள்ளவர்களுக்கு இது சில்லறைக் கேள்வியாகத் தோன்றும். ஆனால் கண்டிஷன் கையெழுத்தால் சிகிச்சையை விட்டவர்கள் உண்டு. கையெழுத்துக்காக வேற்றூரில் தங்கும்படி நிபந்தனை விதிக்கப்பட்டவரின் நிலை இன்னும் கடினமானது. அவருக்குத் தங்கும் ஊரில் மருத்துவமும் புதிது, மருத்துவரும் புதியவர்.

கையெழுத்தைத் தவறவிட்டு மருத்துவமனைக்குப் போகாதீர்கள்; ஜாமீன் ரத்தாக அது காரணமாகலாம். நிபந்தனையை விதித்த நீதிமன்றத்திலேயே நிபந்தனைத் தளர்வு மனு போட வழி உண்டு. கையெழுத்து நேரத்தை மாலைக்கு மாற்றுமாறோ, குறிப்பிட்ட நாட்களுக்கு விலக்களிக்குமாறோ கேட்கலாம். அதற்கு ஓ.பி. சீட்டின் நகலும், அடுத்து வர வேண்டிய தேதி எழுதப்பட்ட மருந்துச் சீட்டும் துணை ஆவணங்களாகும். ஆகவே முதல் முறை மருத்துவரைப் பார்க்கும்போதே மறுதேதியைச் சீட்டில் தெளிவாக எழுதித் தருமாறு கேட்டுக்கொள்ளுங்கள். வேற்றூரில் தங்கியிருப்பவர் அந்த ஊர் அரசு மருத்துவமனையிலேயே தற்காலிகமாகப் பதிவு செய்துகொள்ளலாம். மருந்துப் பெயர் எழுதிய தாள் இருந்தால் இது ஒரே நாளில் முடியும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். தொலைபேசி எண் 15100. சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவு, காவலில் இருப்பவருக்கு வருமானம் பாராமல் இலவச உதவி தருகிறது. வெளியே வந்ததும் அந்தத் தகுதி போய்விட்டாலும், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் அவரவர் பிரிவின் அடிப்படையிலும், மற்றவர்கள் குறைந்த வருமானம் என்ற அடிப்படையிலும் கேட்கலாம்.

கேள்வி: வெளியே வந்து ஒரு மாதம் ஆகிறது. விளக்கை அணைத்தால் தூக்கம் வருவதில்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. இது மனநோயா?

எல்லாம் நோய் ஆகிவிடாது. சிறையில் இரவு முழுவதும் விளக்கு எரியும், ஆட்கள் நெருக்கிப் படுத்திருப்பார்கள், மாலையில் லாக்கப், காலையில் கணக்கெடுப்பு. உடல் அந்த ஒழுங்குக்குப் பழகிவிட்டது. ஐந்தாண்டுகள் உள்ளே இருந்து வந்தவர் தன் வீட்டுக் கதவின் முன்பே நின்றுகொண்டிருப்பதைச் சில குடும்பங்கள் பார்த்திருக்கும். தாழ்ப்பாள் அவர் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் யாராவது திறந்துவிடட்டும் என்று நிற்கிறார். சாப்பாட்டுத் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரோரமாக உட்காருகிறார். இவை நாளடைவில் மாறும். அவசரப்படுத்தாமல், உறவினர்களை வரிசையாக வரவழைத்து விசாரிக்க விடாமல் இருந்தாலே பாதி சரியாகும்.

ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கமும் பசியும் குன்றியிருந்தால், பழைய நிகழ்ச்சி கண்முன் திரும்பத் திரும்ப வந்து உடல் நடுங்கினால், காரணமில்லாத கோபம் கைநீட்டும் அளவுக்குப் போனால், காதில் குரல் கேட்பதாகச் சொன்னால், அல்லது எல்லோரும் தன்னைப் பிடிக்கவே திட்டமிடுகிறார்கள் என்ற எண்ணம் வலுத்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய வழக்குக்காகக் காவலர் உண்மையிலேயே வீட்டுக்கு வந்து விசாரித்துப் போகும் ஒருவர் “என்னைக் கண்காணிக்கிறார்கள்” என்று சொன்னால் அதை உடனே நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மருத்துவரிடம் இந்த உண்மையைக் குடும்பத்தார் சொல்ல வேண்டும்.

கேள்வி: 14416 என்ற எண்ணை அழைத்தால் என்ன நடக்கும்?

இது ‘டெலி மானஸ்’ என்னும் மனநல உதவி எண். 2022 அக்டோபர் 10 அன்று நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்டது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். முதலில் ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார், அல்லது நேரில் எங்கே போவது என்று சொல்வார். மருந்து விட்டுப்போனவர் தொலைபேசியில் பேசியதோடு நின்றுவிடாமல் நேரில் செல்ல வேண்டும். பேச யாருமில்லாத இரவில் மட்டும் இந்த எண்ணின் அருமை தெரியும். வீட்டார் முன்னால் பேச முடியாதவர் மொட்டை மாடிக்குப் போயாவது பேசட்டும்.

கேள்வி: தற்கொலை எண்ணம் வருகிறது. முயன்றால் மறுபடி வழக்குப் போடுவார்களா என்ற பயத்தில் மருத்துவமனைக்கும் போகவில்லை.

அந்தப் பயம் வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் அளிக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு கூறுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை. அரசு ஊழியரை அவரது கடமையிலிருந்து தடுக்கும் நோக்கத்தோடு செய்யும் முயற்சி மட்டுமே அங்கே குற்றம்.

எண்ணம் வரும் இந்த நேரத்திலேயே 14416க்குப் பேசுங்கள். சென்னையில் 1986 முதல் இயங்கும் ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தையும் 044-24640050 என்ற எண்ணில் அழைக்கலாம். விஷமோ மாத்திரையோ உட்கொண்டுவிட்டால் 108. வீட்டார் பூச்சிமருந்தையும் மிச்ச மாத்திரைகளையும் அவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, முதல் சில இரவுகளில் யாராவது ஒருவர் கூடவே படுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: மருத்துவமனைக்கு வர மறுக்கிறார். கட்டாயப்படுத்தி அழைத்துப் போகலாமா? ஏதாவது தர்காவிலோ கோயிலிலோ விட்டுவிடலாமா?

அடைத்து வைக்கப்பட்டிருந்த ஒருவருக்கு மருத்துவமனை வார்டு என்றாலே இன்னொரு பிளாக் என்று தோன்றுவது இயல்பு. ஆகவே முதலில் படுக்கையில் சேர்க்கும் பேச்சையே எடுக்காமல், “தூக்கத்துக்கு மட்டும் ஒரு மாத்திரை வாங்கி வருவோம்” என்று ஓ.பி.க்கு அழைத்துப் பாருங்கள். அவர் நம்பும் ஒருவர், பெரும்பாலும் தாயைவிட மைத்துனரோ பழைய முதலாளியோ, கூட வந்தால் எளிது.

அவரால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையிலோ, தனக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் நிலையிலோ இருந்தால், அவர் நியமித்த பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில், இரு வல்லுநர்கள் தனித்தனியே பரிசோதித்த பிறகு, மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89ஆம் பிரிவின் கீழ் 30 நாட்கள் வரை சேர்க்க முடியும். யாரையும் நியமிக்காதவருக்குப் பொதுவாக உடன் பராமரிக்கும் உறவினர் அந்த இடத்தில் இருப்பார். நோயுள்ளவர் தெளிவாக இருக்கும் நாட்களிலேயே தன் பிரதிநிதி யார் என்பதை எழுதி வைப்பது நல்லது.

வழிபடுவதில் தவறில்லை, விட்டுவிட்டு வருவதுதான் தவறு. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க முடியாமல் இறந்தனர். சங்கிலியால் பிணைப்பதை அதே சட்டத்தின் 95ஆம் பிரிவு முற்றிலும் தடை செய்திருக்கிறது. இது வீட்டுத் திண்ணைக்கும் பொருந்த வேண்டிய நியாயம்.

கேள்வி: குடியையும் போதை ஊசியையும் உள்ளே விட்டுவிட்டார். வெளியே வந்து ஒருமுறை எடுத்தால் என்ன ஆகிவிடும்?

உயிர் போகலாம். பல மாதங்கள் எடுக்காமல் இருந்த உடலின் தாங்குதிறன் குறைந்துவிடும். ஆனால் மனத்தில் பழைய அளவே பதிந்திருக்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வொன்று, முதல் 2 வாரங்களில் அவர்களின் இறப்பு விகிதம் அம்மாநிலத்தின் பொதுமக்களோடு ஒப்பிடுகையில் 12.7 மடங்கு இருந்ததையும், போதைமருந்தின் மிகை அளவே முதன்மையான காரணம் என்பதையும் காட்டியது. நம் ஊர் நிலைமை வேறு, போதைப்பொருள்களும் வேறு. ஆயினும் உடலின் கணக்கு எங்கும் ஒன்றுதான். வலிநிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசியாக ஏற்றும் பழக்கம் இங்கே இளைஞர்களிடம் இருப்பதால் இந்த எச்சரிக்கை இங்கும் பொருந்தும். மதுவோடு தூக்க மாத்திரையைச் சேர்ப்பதும் அதே அளவு ஆபத்து. மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாரித்து, எழுப்பினாலும் எழவில்லை என்றால் “தூங்கட்டும்” என்று விடாமல் 108ஐ அழையுங்கள்.

சிகிச்சைக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலேயே வசதி உண்டு. ஹெராயின், சில வலிநிவாரணிகள் போன்ற ஓபியாய்டு வகைப் போதைக்கு அடிமையானவர்களுக்குப் புப்ரெனார்பின் மாத்திரை தரும் மாற்று மருந்துச் சிகிச்சை மையங்களும் இருக்கின்றன. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதானால் உரிமம் இருக்கிறதா, மருத்துவர் வருகிறாரா, குடும்பத்தார் போய்ப் பார்க்க விடுகிறார்களா என்பவற்றைக் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு மழுப்பலான விடை வந்தால் திரும்பி வந்துவிடலாம்.

கேள்வி: உள்ளே காசநோய் மருந்து தொடங்கினார்கள். வெளியே வந்த பின் எப்படித் தொடர்வது? எச்.ஐ.வி. மருந்து எடுப்பவருக்கும் இதே கேள்விதான்.

காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதம். நடுவில் விட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக மாறக்கூடும், வீட்டுக் குழந்தைகளுக்கும் தொற்றும். சிகிச்சை தொடங்கியபோது காசநோயாளிகளுக்கான அரசின் ‘நிக்‌ஷய்’ பதிவில் உங்களுக்கு ஓர் எண் கொடுக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணைக் கேட்டு வாங்கி வந்தால், உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சிகிச்சையை மாற்றிக்கொள்ள முடியும். சத்துணவுக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வங்கிக் கணக்கு விவரம் கொடுக்க வேண்டும். சிறைக்குப் போகும் முன் வைத்திருந்த கணக்கு முடங்கிக் கிடக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர் தனக்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தின் பதிவுப் புத்தகத்தோடு ஊர்ப் பக்கத்து மையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். புதிதாகப் பரிசோதிக்க விரும்புபவர் அரசு மருத்துவமனையின் ‘நம்பிக்கை மைய’த்துக்குச் செல்லலாம், உதவி எண் 1097. ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் தடை செய்கிறது. பச்சை குத்திக்கொண்டவரும் ஊசியைப் பகிர்ந்தவரும் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி தொற்றுக்கான பரிசோதனையும் செய்துகொள்ளட்டும். அரசுத் திட்டத்தில் அதற்கான மாத்திரை இலவசம். பெரும்பாலோருக்கு 12 வாரங்களில் குணமாகிறது.

கேள்வி: முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லாமல் சிகிச்சை கிடைக்காதா?

ஓ.பி. சிகிச்சைக்கும் இலவச மாத்திரைக்கும் அந்த அட்டை தேவையே இல்லை. முதல் வாரத்தில் அதற்காக அலைந்து களைத்துப்போக வேண்டாம். அறுவைச் சிகிச்சை போன்ற பெரிய செலவுகளுக்குத்தான் அது வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதியலாம். நீண்ட நாள் உள்ளே இருந்ததால் குடும்ப அட்டையிலிருந்து பெயர் நீங்கியிருந்தால் முதலில் அதைச் சேர்க்க வேண்டும். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இத்திட்டத்தில் வருமான வரம்பு இல்லை.

கேள்வி: பெண்களுக்குத் தனியாக ஏதேனும் ஏற்பாடு உண்டா? வீடே இல்லாதவர்கள் எங்கே போவது?

பெண்களுக்கான தனிச் சிறைகள் புழல், வேலூர், திருச்சி போன்ற சில ஊர்களில் மட்டுமே இருப்பதால் பலர் சொந்த மாவட்டத்திலிருந்து வெகுதூரத்தில் வைக்கப்படுகிறார்கள். மனு பார்க்க வருபவர் குறைவு. ஆகவே அவர்களுடைய மருந்து விவரம் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. கணவன் சிறைக்குப் போனால் மனைவி காத்திருக்கும் வீடுகளில்கூட, மனைவி போய் வந்தால் கதவு திறப்பதில்லை. அப்படிப்பட்ட இரவில் 181 என்ற எண்ணை அழைத்தால் மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகமாகத் தங்கவும், ஆலோசனையும் மருத்துவமும் பெறவும் வழி செய்வார்கள். குழந்தைகள் 6 வயது வரை தாயுடன் சிறையில் இருக்கலாம் என்பதால், சில குழந்தைகள் வெளியுலகத்தையே முதன்முறையாகப் பார்க்கிறார்கள். தாயைப் பரிசோதிக்கும் நாளிலேயே குழந்தையின் தடுப்பூசி, எடை, பேச்சு வளர்ச்சி ஆகியவற்றையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துவிடுங்கள்.

வீடற்றவர்களுக்கு மாநகராட்சி, நகராட்சிகளின் இரவுக் காப்பகங்கள் உள்ளன. மனநோயோடு தெருவில் திரிபவரைப் பாதுகாத்து மருத்துவரிடம் கொண்டு சேர்ப்பது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு சொல்கிறது. வீடற்ற, மனநோயுள்ள பெண்களுக்காக 1993 முதல் சென்னையில் ‘தி பேன்யன்’ அமைப்பு பணியாற்றி வருகிறது.

கேள்வி: விடுதலையான பின் திருச்சி சிறப்பு முகாமில் வைக்கப்பட்டவர்களின் நிலை என்ன?

வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள், அவர்களில் ஈழத் தமிழர் பலர், விடுதலைக்குப் பின்னும் சொந்த நாடு திரும்பும் வரை திருச்சி மத்தியச் சிறை வளாகத்திலுள்ள சிறப்பு முகாமில் வைக்கப்படுகிறார்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 2022 நவம்பரில் விடுதலையான சாந்தன் இவ்வாறு அங்கே வைக்கப்பட்டு, கல்லீரல் செயலிழந்து 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இறந்தார். விருப்பப்படி மருத்துவமனைக்குப் போய் வர முடியாதவர் என்பதால், முகாமில் இருப்பவரின் சிகிச்சைக்கு அரசே பொறுப்பு. குடும்பத்தார் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் கோரிக்கை வைத்து, அதன் நகலை வழக்கறிஞரிடம் கொடுத்து வைக்க வேண்டும்.

கேள்வி: சிகிச்சை மறுக்கப்பட்டால் அல்லது சிறையிலிருந்த மருத்துவப் பதிவுகள் கிடைக்காவிட்டால் யாரிடம் முறையிடுவது?

மனநல சிகிச்சையில் குறை இருந்தால் முதலில் அந்த நிலையத்தின் பொறுப்பு மருத்துவரிடமும், தீராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்திடமும் புகார் கொடுக்க மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு வழி தருகிறது. தன் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமை அதே சட்டத்தின் 25ஆம் பிரிவில் உள்ளது.

சிறை மருத்துவமனைப் பதிவுக்குக் கண்காணிப்பாளருக்கு ஒரு விண்ணப்பம் அனுப்புங்கள். பெயர், சிறைவாசி எண், உள்ளே இருந்த காலம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். விடை வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும், உயிர் சார்ந்த தகவலானால் 48 மணி நேரத்துக்குள். பதிவு வந்து சேரும் வரை சிகிச்சையை நிறுத்தி வைக்காதீர்கள். நினைவில் உள்ளதை மருத்துவரிடம் சொல்லித் தொடங்குங்கள். தாள் வந்ததும் அதை ஓ.பி. சீட்டோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அரிசிப் பானைக்குப் பக்கத்திலோ சாமிப் படத்துக்குப் பின்னாலோ, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடத்தில் வையுங்கள்.